பெரியவருக்கு வைத்த ஆப்பிள் தட்டு

ஆப்பிளை நெய்யில் வதக்கி, நாட்டுச் சர்க்கரை தூவி, மூடி வைத்துச் சற்றுப் பொறுத்துத் திறந்தால் ஒரு வாசம் எழும். வீட்டில் மற்றவர்களுக்கு அதில் பசி கிளம்பும். எனக்கு முதலில் காது நிமிர்கிறது. எங்காவது மட்டை முறிகிறதா, இலை நசுங்குகிறதா என்று கேட்கிறது. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நாக்கு விழித்துக்கொள்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலை காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு பாக்குத் தோட்டம். அங்கேதான் நடந்தது.

அங்கே நாங்கள் போனதற்குக் காரணமே ஆப்பிள்தான். அதற்கு முந்தின கார்த்திகை மழையில், பீளமேட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்த என் கணவர் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்தால் சொந்தம் முழுக்க வந்து பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. வெறுங்கையோடும் வர முடியாது. ஆகவே ஆப்பிள். பொங்கல் முடிந்தும் வந்தார்கள், மாசி பிறந்தும் வந்தார்கள். மேஜையில் ஆப்பிள், பிரிட்ஜில் ஆப்பிள், பூஜை அலமாரிக்குக் கீழே ஆப்பிள். இவர் ஒன்றையும் தின்ன மாட்டார். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் பிரித்து, நடப்பதற்காக வாங்கிய அலுமினிய வாக்கரின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டே இருப்பார். வாக்கர் போட்டியில் ஜெயித்த வண்டி மாதிரி மின்னியது. நடப்பது மட்டும் இல்லை.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காலு தயாருங்க. மனசுதான் இன்னும் கட்டுல இருக்குது" என்றார். நான் கையைக் கொடுக்காமல் இவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்து பழகின மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பம்பூ கொட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருங்கள் என்றால் "நாளைக்கு" என்பார். அந்த நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். மனிதர் இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம். பகலில் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இவருடைய நண்பர் ஒருவர், கூடப் படித்தவர், ஒரு நாள் வந்தார். கையில் ஆப்பிள்தான். மேஜையைப் பார்த்துவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

"ஏப்பா, இதையெல்லாம் அடுக்கி வெச்சுக் கடை போடப் போறியா? ஞாயித்துக்கெழமை எங்க தோட்டத்துக்கு வந்துரு. காருலயே கூட்டிட்டுப் போறேன். தங்கச்சி, இந்த ஆப்பிளையே ஏதாச்சும் பண்ணி எடுத்துக்கங்க. மரத்தடியில ஒக்காந்து சாப்புடலாம்."

இவர் மறுக்க வாயெடுத்தார். நண்பர் விடவில்லை. "எங்கப்பா உன்னையப் பாக்கோணும்னு சொல்லீட்டே இருக்காரு. பெரியவரு பேச்சத் தட்டாத. ஆனா ஒண்ணு, கெளம்பறப்ப அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துராதீங்க. வாரேன்னு சொல்லாமப் போனா மாசக்கணக்குல மொகத்தத் திருப்பிக்குவாரு."

ஞாயிறு காலை ஆப்பிள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எளிமையாகத்தான் செய்தேன். தயிர் சாதம் பிசைந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து, துருவிய ஆப்பிளைக் கடைசியில் சேர்த்தேன். முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். கொஞ்சத்தைத் துண்டுகளாக அரிந்து, கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன். மாங்காய்க்குச் செய்கிற மாதிரிதான். மீதியை நெய்யில் வதக்கி நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். மூடியின் ஓரத்தில் வாசம் கசிந்துகொண்டே வந்தது. கார் முழுக்க அதுதான். இவர்கூட ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோட்டத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புங்கமரம், அடியெல்லாம் பூ. அங்கே ஜமக்காளத்தை விரித்து, இவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார் நண்பர். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. "அப்பாவ ஊட்டுல இருந்து கூட்டிட்டு வந்தர்றேன். சித்த நேரம் இருங்க" என்று காரை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் இருவர் மட்டும். காற்று மேற்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாக்கு மரங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஆடின. நான் டிபன் கேரியரைப் பிரித்து வைத்தேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இவர் முகத்தில் வெளிச்சம் நேராக விழுவதைப் பார்த்தேன். ஒரு நரை புதிதாக வந்திருந்தது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல். அடுத்த தோட்டத்துக்காரம்மா என்று பிறகு தெரிந்தது. காற்று பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தது.

"ஏனுங்கோ... பெரியவரு வாராருங்கோ... ஏந்திரிங்கோ..."

அவ்வளவுதான் கேட்டது. பிறகு அவர் கத்தவில்லை. கையை மட்டும் வேகமாக ஆட்டினார். 

நண்பரின் அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன். கார் சத்தம் கேட்கவில்லையே என்று தோன்றவில்லை. கை மேற்கே காட்டுகிறதே, ஊர் கிழக்கே அல்லவா என்றும் தோன்றவில்லை. பெரியவர் வருகிறார், எழுந்திருங்கள் என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம் ஏது? புடவையைச் சரிசெய்துகொண்டேன். ஒரு தட்டைத் துடைத்து, அரிந்த ஆப்பிள் துண்டுகளை வட்டமாக அடுக்கி, ஜமக்காளத்தின் நடுவில் வைத்தேன். அடுத்து இனிப்பு டப்பாவை எடுத்தேன்.

"அம்மணி" என்றார் இவர். "பெரியவரு வர்றப்ப ஒக்காந்துட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் கையை நீட்டுவதற்குள் வாக்கரைப் பிடித்து உந்தினார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. எழுந்து நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. ஒரு கையால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். என் கை நீட்டின இடத்திலேயே நின்றது. அழுதுவிடுவேன் போலிருந்தது. விருந்தாளி வரும் நேரத்தில் அழக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். தலையில் துண்டு, கையில் சோளத்தட்டு அறுக்கிற அரிவாள். எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"யாருக்குங்க்கா இது?"

"பெரியவருக்குங்க" என்றேன் சிரித்த முகமாக.

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிசுகிசுப்பாக, "ஐயோ, அந்தப் பெரியவரு இல்லீங்க்கா" என்று மோவாயால் பாக்குத் தோப்பைக் காட்டினார்.

முதலில் நான் எதையும் பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவே நிழல் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு அந்த நிழலில் ஒரு காது விசிறியது. ஒரு பாக்கு மரம் பொறுமையாகச் சாய்ந்து, நார் நாராக முறியும் சத்தம் வந்தது. ஒற்றை யானை. காட்டோரத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். பெரியவர் என்றுதான் மரியாதை.

"மோட்டார் ரூமுக்குப் போயறலாம். பொட்டாட்ட வாங்க" என்றார். சத்தமில்லாமல் வாருங்கள் என்று அர்த்தம்.

இவர் வாக்கரை எடுத்து முன்னால் வைத்தார். தரையில் கல். டக் என்றது. தோப்பில் முறிகிற சத்தம் நின்றது. இன்னொரு தடவை வைத்தார். டக். காது விசிறுவதும் நின்றது. கேட்கிறார் என்று புரிந்தது. எனக்கு உள்ளங்கால் வழியாக உடம்பு காலியாகிக்கொண்டிருந்தது.

"அதைய உடுங்கண்ணா. என் தோளப் புடிங்க" என்றார் அந்தப் பெண், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டே.

நம்புவீர்களா, இவர் தயங்கினார். அடுத்தவர் வீட்டுப் பெண் தோளில் எப்படிக் கை போடுவது என்று தயங்கினார். பின்னால் யானை நிற்கிறது. "இல்லீங்க, பரவாயில்லீங்க..." என்று இழுத்தார்.

"அண்ணா, மரியாதை பாக்கற நேரமுங்களா இது!"

"மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையைப் போட்டார். இன்னொரு பக்கம் நான். புங்கமரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு தூரம்? குழந்தை ஓடினால் ஒரு மூச்சு. எங்களுக்கு அது முடியவேயில்லை. இவர் கால் தரையைத் தொடும்போதெல்லாம் என் தோள் எலும்பில் அந்த வலி இறங்கியது. பூவாக உதிர்ந்து கிடந்ததே, அதுகூடக் காலடியில் நொறுங்குகிற மாதிரி கேட்டது. திரும்பிப் பார்க்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. மூவருமே திரும்பவில்லை. முதுகு பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுக்குக் கண் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனதும் இரும்புக் கதவைச் சாத்தினோம். முழுக்கச் சாத்தவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று வாசல் வழியாகப் போவதால் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. எண்ணெய், துரு, எலிப்புழுக்கை, எங்கள் வேர்வை. அந்தப் பெண் போனை எடுத்து நண்பரைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "அப்பாவக் கூட்டியாராதீங்க. பெரியவரு இங்க இருக்காருங்க. ஆமாங்க, அவருதானுங்க. உங்க சிநேகிதரு ரூமுக்குள்ள இருக்காருங்க." பிறகு போனை அணைத்தார்.

இடைவெளி வழியாகப் பார்த்தேன். பெரியவர் புங்கமரத்தடிக்கு வந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகுச் சத்தம் இல்லை. மேலெல்லாம் செம்மண். ஒரு தந்தம் நுனியில் உடைந்திருந்தது. துதிக்கை ஜமக்காளத்தின் மேல் தடவித் தடவிப் போனது. நான் அடுக்கி வைத்த தட்டின் முன்னால் நின்றது. வாசம் பிடித்தது.

மிளகாய்த்தூள்!

எனக்கு நினைவு வந்த நொடியில் அங்கே ஒரு பெரும் செருமல். தலையை உதறினார். தட்டு பறந்துபோய்க் கிணற்றுச் சுவரில் மோதி ஓசையெழுப்பிக்கொண்டே உருண்டது. அந்த ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை. வாக்கரைத் துதிக்கையால் தூக்கினார். ஸ்டிக்கர்கள் வெயிலில் மின்னின. காலடியில் போட்டு ஒரு மிதி. வீட்டில் இத்தனை மாதம் நாங்கள் பயந்து பயந்து துடைத்து வைத்த சாமான், அப்பளம் மாதிரிப் போய்விட்டது. தயிர் சாதத்தை ஒரு வாரு வாரினார். பிறகு துதிக்கையை உயர்த்திக் காற்றில் எதையோ தேடினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"எதுக்குங்க்கா இங்க வர்றாரு?" அந்தப் பெண் குரல் முதல் தடவையாக உடைந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். "ஐயோ... அது என்னுங்க?"

இனிப்பு டப்பா. பெரியவருக்குக் கொடுக்க எடுத்ததை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நெய்யும் நாட்டுச் சர்க்கரையும் வெந்த ஆப்பிளுமாக அந்தச் சின்ன அறை மணந்துகொண்டிருந்தது.

கதவின் மேல் நிழல் விழுந்து அறை இருண்டது. இடைவெளி வழியாகத் துதிக்கை நுனி உள்ளே வந்தது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, ஒரு விரல் மாதிரி. அதன் மூச்சு என் கணுக்காலில் சுட்டது. பச்சை இலையை மென்ற வாசம், சேற்று வாசம். கதவுக் கீல் முனகியது. ஒரு தோள் கொடுத்தால் போதும், கதவும் சுவரும் சேர்ந்து எங்கள் மேல்தான்.

பின்சுவரில், உயரத்தில், கம்பியில்லாத சின்ன ஜன்னல் ஒன்று. "டப்பாவ அக்கட்டால வெளிய வீசிப்போட்டாப் போயிருவாரு" என்றார் அந்தப் பெண், உதடு மட்டும் அசைய. அவருக்கும் எனக்கும் எட்டாது. நடுவில் மோட்டார். எட்டக்கூடிய உயரம் ஒருவருக்குத்தான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை. போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுந்தால்? சத்தம் கேட்டால்? இவர் டப்பாவை என் கையிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என் தோளிலிருந்து கையை எடுத்தார். மோட்டார் பீடத்தின் மேல் முறிந்த காலை வைத்து ஏறினார். முறிந்த காலைத்தான் முதலில் வைத்தார். பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. மூடியைத் திறந்து மூடியை வாயில் கவ்விக்கொண்டார், கீழே விழுந்து சத்தம் வரக் கூடாதென்று. கை ஜன்னலுக்குப் போனது. டப்பா வெளியே விழுந்து, கல்லில் பட்டு, உருண்டு நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. துதிக்கை அங்கேயே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டு நின்றோம்.

பிறகு அது பின்வாங்கியது. கதவில் வெளிச்சம் வந்தது. சுவரை உரசிக்கொண்டு ஒரு மலை நகர்ந்து போகிற மாதிரி, சுண்ணாம்பு உதிர உதிரச் சுற்றிப் போனார். பின்பக்கம் டப்பா மண்ணில் தேய்கிற சத்தம். ஊதுகிற சத்தம். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், திருப்தியாக ஒரு பெருமூச்சு.

இவர் இன்னும் மோட்டார் மேல்தான் நின்றார். வாயில் மூடி. கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நின்றது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குங்கள் என்று நான் சைகை செய்ததை அவர் கவனிக்கவேயில்லை.

பெரியவர் ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டார் என்று உறுதியான பிறகு அந்தப் பெண் கதவைத் திறந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் சிரித்தோமா அழுதோமா தெரியவில்லை. "பெரியவருக்குத் தட்டு வெச்சீங்களே!" என்று சொல்லிச் சொல்லி என் தொடையில் அடித்தார்.

நண்பர் காரில் வந்தார், கூடவே அவருடைய அப்பா. வெள்ளை வேட்டி, கையில் டார்ச். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கிணற்றோரம் கிடந்த தட்டைக் குனிந்து எடுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, பெரியவருக்கு வெக்கற தட்டுல மொளகாப்பொடி போடுவாங்களா? அதான் கோவிச்சுக்கிட்டாரு. எனக்குனு வெச்ச இனிப்பு போச்சே!"

நண்பர் மிதிபட்ட வாக்கரைத் தூக்கிப் பார்த்து, இனி இது ஆகாது என்றார். தூக்கிக்கொண்டு போகலாமா என்று இவரைத் தாங்க வந்தார். இவர் கையை விலக்கினார். புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கார் வரைக்கும், என் தோளைப் பிடித்தும் விட்டும், நின்று நின்று நடந்தார்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். வலி அதிகமாகி ஒரு வாரம் படுத்தார். அதற்குப் பிறகும் வெகுநாள் கைத்தடி. இப்போதும் பஸ் உரசிப் போனால் நின்றுவிடுகிறார். ஆனால் "நாளைக்கு" என்ற சொல்லை அதற்குப் பின் நான் கேட்கவில்லை. எழுந்திரு என்று எத்தனை பேர் எத்தனை ஆப்பிளோடு வந்து சொன்னார்கள். நானும்தான் கெஞ்சினேன். யாருக்கும் எழாதவர், முகம் தெரியாத ஒரு பெரியவர் வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று எழுந்தார். எங்கள் ஊர் மரியாதையை, அந்தத் தொட்டதற்கெல்லாம் 'ங்க' போடுகிற பேச்சை, யாராவது கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பதுண்டு. இப்போது சிரிக்கிறபோதே எனக்கு ஒரு நாற்காலி பின்னால் சரிந்து விழுகிற சத்தம் கேட்கிறது.

அன்றைக்குக் காரில் ஏறினதும் நண்பரின் அப்பாவிடம் இருவரும் கும்பிட்டு, வாரோமுங்க என்றோம். கார் நகரப்போகும் நேரத்தில் இவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஓடைப்பக்கம், இருட்டத் தொடங்கியிருந்த பாக்கு மரங்களைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற அடுத்த தோட்டத்துக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க... அந்தப் பெரியவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லீருங்க. வாரேன்னு."